மாடித்தோட்டக் குழுவில் மூத்தவர் சீறுகிறார்: நீக்கிவிடலாமா?

கேள்வி: எங்கள் மாடித்தோட்ட டெலிகிராம் குழுவில் 14,000 பேர் இருக்கிறார்கள். யூரியாவா, பஞ்சகவ்யமா என்று வாரம் தவறாமல் சண்டை. போதாக்குறைக்கு, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் புதியவர்களை ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கடிந்துகொள்கிறார். ஆனால் பூச்சி, நோய் என்று வந்தால் சரியாகப் பதில் சொல்வதும் அவர்தான். நீக்கலாமா? யாரோ எழுதியதற்கு அட்மினான என்மேல் வழக்கு வருமா?
– வாசகி, கோவை

பதில்: இப்போது நீக்காதீர்கள். ‘பெரியவர், போகட்டும்’ என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள். அவரிடம் திட்டு வாங்கியவர் உங்களிடம் புகார் சொல்ல மாட்டார். சத்தமில்லாமல் கேட்பதை நிறுத்திவிடுவார். அவரைப் பார்த்து இன்னும் நூறு பேர் கேட்கத் துணிய மாட்டார்கள். குழுவுக்கு உண்மையான நட்டம் அங்கேதான்.

பெரியவர் ஏன் சீறுகிறார்? மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது என்று இருநூறாவது முறையாகக் கேட்டால் யாருக்கும் பொறுமை போகும். இது பழைய நோய். இணையத்தின் ஆரம்பகால விவாதக் களமான யூஸ்நெட்டில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்கள் நுழைவார்கள், பழையவர்கள் முணுமுணுப்பார்கள், சில வாரங்களில் அடங்கிவிடும். 1993க்குப் பிறகு பொதுமக்களும் திரளாக வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தையே ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று சலித்துக்கொண்டார்கள். ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற பட்டியல் பரவலானதும் அதே யூஸ்நெட்டில்தான். உங்கள் பெரியவரிடமே அப்படி ஒன்றை எழுதி வாங்குங்கள். பத்துக் கேள்வி, பத்துப் பதில். குழுவின் உச்சியில் பொருத்திவைக்கலாம். திட்டுவதற்குப் பதிலாக அதைச் சுட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார்.

அதற்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். எழுதி அனுப்பினால் அது குற்றப்பத்திரிகை போலத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டாகவும் ஊர் சுற்றும். ‘உங்கள் போக்கு சரியில்லை’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ஒரே ஒரு பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: “ஐயா, நேற்று அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன வேப்பெண்ணெய் அளவு மிகச் சரி. முதல் வரி மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம்.” பெரும்பாலானவர்கள் இதற்கே இறங்கிவிடுவார்கள். இறங்காவிட்டால் ஒரு வாரம் எழுத முடியாதபடி தடை போடுங்கள். டெலிகிராமில் நாள் குறித்தே தடுக்கலாம். காரணத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள். மறுமுறை ஒரு மாதம். மூன்றாம் முறை, எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், வெளியேதான். நேற்றுச் சேர்ந்தவருக்கும் இதே கணக்கு.

உரச் சண்டை வேறு வகை. அங்கே யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். வேகத்தை மட்டும் குறையுங்கள். விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தில் பிறர் செய்த மாற்றத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் ஒருவர் திருப்பினால் தடை விழக்கூடும். அவர் பக்கம் நியாயம் இருந்தாலும் பெரும்பாலும் அது தப்பிக்கும் வழியாகாது. டெலிகிராமில் இதற்கு இணையாக மெதுவாக்கும் வசதி இருக்கிறது. ஒருவர் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையில் சில விநாடி முதல் 1 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். சூடு ஏறும் இரவில் 15 நிமிடம் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து அதே கோபத்தோடு எழுத எல்லோராலும் முடியாது. ஆனால் இந்தக் கட்டுப்பாடு அட்மின்களுக்குப் பொருந்தாது. நீங்கள் பஞ்சகவ்யக் கட்சி என்று குழுவுக்குத் தெரிந்திருந்தால், அன்றிரவு பூட்டும் சாவியும் வேறொரு அட்மினிடம் இருக்கட்டும். 14,000 பேருக்கு ஒற்றை அட்மின் போதாது. நாலு பேராவது வேண்டும்.

வழக்கு பற்றி: 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வாட்ஸ்அப் குழு வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவர் என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்கும்படி சொன்னது. 2022இல் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் பொறுப்பல்ல என்றே சொன்னது. நீங்களே பகிர்ந்தாலோ, தூண்டிவிட்டாலோ கதை வேறு. சட்டச் சிக்கல் தரக்கூடிய பதிவு என்று தோன்றினால் உடனே அழியுங்கள். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அழித்த செய்தி அட்மின்களுக்கான பதிவேட்டில் 48 மணி நேரம்தான் இருக்கும்.