ஜென்கின்ஸிலிருந்து கிட்ஹப்புக்கு மாற யாருக்கும் பாஸ்வேர்டு அனுப்ப வேண்டாம்

கேள்வி: கோத்தகிரியில் சிறிய மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பசுந்தேயிலை வரவு, விவசாயிகளுக்கான பட்டுவாடா ஆகியவற்றுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். எங்கள் பில்டுகள் (எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக்கும் வேலைகள்) அலுவலகத்திலுள்ள ஜென்கின்ஸ் என்ற தானியங்கு கருவியில் ஓடுகின்றன. இதையெல்லாம், கிட்ஹப் தளம் இதே வேலைக்குத் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சேவைக்கு மாற்ற, ‘ஆக்ஷன்ஸ் இம்போர்ட்டர்’ கருவியை நிறுவினோம். ‘கன்ஃபிகர்’ கட்டளை கொடுத்தால் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் ரகசிய எழுத்துத்தொடர்) கேட்கிறது. எதைக் கொடுத்தாலும் அடுத்த கட்டத்தில் பிழை வருகிறது. கோவையில் ஒருவர், ஜென்கின்ஸ் அட்மின் பாஸ்வேர்டும் கிட்ஹப் லாகினும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தக் கருவிக்கு அட்மின் பாஸ்வேர்டு தேவையே இல்லை. அதைக் கேட்கிறவருக்குக் கருவி தெரியாது, அல்லது தெரிந்தே கேட்கிறார். எப்படியிருந்தாலும் உங்களுக்கு அவர் வேண்டாம்.

இப்படிப்பட்டவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: “ஜென்கின்ஸில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் சேர்த்து மாற்றித் தருகிறேன், அதனால்தான் அட்மின் கேட்கிறேன்.” கருவி பைப்லைனை, அதாவது பில்டு படிகளின் வரிசையைத்தான் மாற்றும். ஜென்கின்ஸில் சேமித்திருக்கும் சர்வர் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எதையும் அது கொண்டுபோகாது. அவற்றை கிட்ஹப்பில் உங்கள் ரெப்போவின் (நிரல் இருக்கும் களஞ்சியத்தின்) செட்டிங்ஸில் ‘சீக்ரெட்ஸ்’ பகுதியில் நீங்களே ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது பீரோ சாவியைக் கொடுத்து வீட்டைக் கூட்டச் சொல்வது போல.

சரி, வேலைக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது இரண்டு டோக்கன்கள்.

முதலாவது கிட்ஹப் டோக்கன். உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். இடப்பக்கப் பட்டியலின் கடைசியில் ‘டெவலப்பர் செட்டிங்ஸ்’ இருக்கும். அதற்குள் ‘பர்சனல் ஆக்சஸ் டோக்கன்ஸ்’. பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ‘ஃபைன்-கிரெய்ன்ட்’ என்ற புது வகையைத்தான் கிட்ஹப் பரிந்துரைக்கிறது, எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். ஆனால் அதே கிட்ஹப் கொடுக்கும் இந்தக் கருவி கேட்பது பழைய ‘கிளாசிக்’ வகையை. ஒரே நிறுவனம் ஒரு பக்கத்தில் ஒன்றைச் சொல்லி, தன் கருவியில் வேறொன்றைக் கேட்டால் மலையில் உட்கார்ந்து வேலை செய்யும் நாலு பேர் அலுவலகம் என்ன செய்யும்? உங்கள் பிழைக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் டோக்கன் ‘கிட்ஹப்_பிஏடி’ என்று தொடங்கினால் அது தவறான வகை. கிளாசிக் டோக்கன் ‘ஜிஎச்பி_’ என்று தொடங்கும்.

கிளாசிக் டோக்கனில் ‘வொர்க்ஃப்ளோ’ என்ற பெட்டியை மட்டும் டிக் செய்யுங்கள். ‘ரெப்போ’ தானாகச் சேர்ந்துகொள்ளும். எல்லாப் பெட்டியையும் டிக் செய்து வைக்கும் பழக்கம் கூடாது. காலாவதி தேதியை 30 நாளாக வையுங்கள். ‘காலாவதி இல்லை’ என்பதைத் தொடவே தொடாதீர்கள்.

இரண்டாவது ஜென்கின்ஸ் டோக்கன். ஜென்கின்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘ஏபிஐ டோக்கன்’ பகுதியில் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். ஜாப்களின் அமைப்பைப் பார்க்க உரிமையுள்ள கணக்கு போதும். இரண்டு டோக்கன்களும் ஒரே ஒரு முறைதான் திரையில் தெரியும், அப்போதே நகலெடுத்துவிடுங்கள்.

இனி ‘கன்ஃபிகர்’. முதலில் எந்த சிஐ (ஜென்கின்ஸ் போன்ற தானியங்கு பில்டு கருவி) என்று பட்டியல் வரும். ஜென்கின்ஸ் வரிக்குப் போய் ஸ்பேஸ் பாரை அழுத்தித் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் என்டர். நேராக என்டர் தட்டினால் தேர்வு விழாது. அடுத்து கிட்ஹப் டோக்கன், கிட்ஹப் முகவரி, ஜென்கின்ஸ் டோக்கன், பயனர் பெயர், ஜென்கின்ஸ் முகவரி என்று கேட்கும். ஒட்டும் டோக்கன் வெறும் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். ஜென்கின்ஸ் முகவரியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ (‘இதே கணினி’ என்று பொருள்) போடாமல், அந்தக் கணினியின் நெட்வொர்க் முகவரியையே போடுங்கள். கருவி ஓடுவது டாக்கர் கண்டெய்னருக்குள், அதாவது கணினிக்குள் தனித்து இயங்கும் ஒரு பெட்டிக்குள் என்பதால் அதுதான் பாதுகாப்பு.

இந்த விவரமெல்லாம் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் ‘.என்வி.லோக்கல்’ என்ற கோப்பில் போய் உட்காரும். மறுநாள் வேறு ஃபோல்டரிலிருந்து கட்டளை கொடுத்தால் டோக்கன் இல்லை என்று கருவி சொல்லும். ஆபத்தானது இன்னொன்று: அந்த ஃபோல்டர் கிட் ரெப்போவாக இருந்து, யாராவது எல்லாக் கோப்புகளையும் சேர்த்து புஷ் செய்துவிட்டால் (கிட்ஹப்புக்கு ஏற்றிவிட்டால்) டோக்கனும் கூடவே போய்விடும். பொது ரெப்போவாக இருந்தால் கிட்ஹப்பே தன் டோக்கனைக் கண்டுபிடித்து ரத்து செய்யும். தனி ரெப்போவில் அந்தக் காவல் கிடையாது, ஜென்கின்ஸ் டோக்கனுக்கும் கிடையாது. தனியாக ஒரு வெற்று ஃபோல்டர் போட்டு, அங்கிருந்தே எல்லாக் கட்டளைகளையும் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் ரெப்போக்கள் உங்கள் கணக்கில் இல்லாமல், வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஆர்கனைசேஷனில் இருக்கலாம். அந்த நிறுவனம் ‘சிங்கிள் சைன்-ஆன்’ (எஸ்எஸ்ஓ, நிறுவனத்தின் சொந்த லாகின் வழியாக மட்டும் நுழையும் முறை) வைத்திருந்தால், டோக்கன் சரியாக இருந்தாலும் வேலை செய்யாது. வகை சரி, பெட்டி சரி, தேதி சரி, ஆனாலும் அனுமதி இல்லை என்று வரும். அப்போது புது டோக்கன் எடுத்து எடுத்துப் பயனில்லை. டோக்கன் பட்டியலில் உங்கள் டோக்கனுக்குப் பக்கத்திலேயே ‘கன்ஃபிகர் எஸ்எஸ்ஓ’ என்று இருக்கும். அதைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே ‘ஆதரைஸ்’ கொடுங்கள். ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது. டோக்கனைப் புதிதாக எடுத்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். இதைப் பிழைச் செய்தியிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும்!

கிட்ஹப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் சிக்னல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆத்தென்டிகேட்டர் ஆப், சிக்னல் இல்லாவிட்டாலும் எண்ணைக் காட்டும்.

டோக்கன் சரியாக உட்கார்ந்ததும் முதலில் ‘ஆடிட்’ (எது மாறும், எது மாறாது என்ற கணக்கெடுப்பு) ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு ஜாப்புக்கும் ‘ட்ரை-ரன்’ என்ற ஒத்திகை. இவை இரண்டும் உங்கள் ரெப்போவில் எதையும் மாற்றாது. ‘மைக்ரேட்’ கொடுத்தால்தான் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்க ஒப்புதல் கேட்கும் கோரிக்கை) திறக்கும். ‘ஸ்கிரிப்டட்’ வகைப் பைப்லைன்களை (நிரலாகவே எழுதியவற்றை) இந்தக் கருவி மாற்றாது, அவற்றைக் கையால் எழுதத்தான் வேண்டும். அதற்கு ஆள் தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஜென்கின்ஸ்ஃபைலின் (பைப்லைன் எழுதியிருக்கும் கோப்பின்) நகலைக் கொடுத்தால் போதும், லாகின் வேண்டாம். நகலைக் கொடுக்கும் முன் அதற்குள் யாராவது பாஸ்வேர்டை நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

மாற்றம் முடிந்த அன்றே கிட்ஹப்பிலும் ஜென்கின்ஸிலும் அந்த இரண்டு டோக்கன்களையும் ரத்து செய்து, ‘.என்வி.லோக்கல்’ கோப்பையும் அழித்துவிடுங்கள்.