ஐநூறு பின்னல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஒருவர் கற்றுக்கொடுத்த நிட்டிங்கை இன்றும் விடாமல் வைத்திருக்கிறேன். ஆனால் இதுவரை பின்னிய ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாமே யாரோ எழுதிய குறிப்பை வரிக்கு வரி பார்த்துச் செய்தவைதான். போன வருடம் என் நாத்தனார் அமெரிக்காவிலிருந்து பார்பரா வாக்கரின் பின்னல் தொகுப்பை வாங்கி வந்தார். ஐநூறுக்கும் மேல் டிசைன்கள். ஆனால் சின்னச் சின்னச் சதுரமாகப் படமும் கீழே குறிப்பும் மட்டும்தான். எதைப் பின்னுவது என்று ஒரு வார்த்தை இல்லை. புரட்டிக்கொண்டே இருக்கிறேன். இதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டால் அது காப்பிதானே? கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஒரு சால்வை பின்ன ஆசை. எங்கே தொடங்குவது?

– ம., குன்னூர்

அன்புள்ள ம.,

காப்பி பற்றிய கவலையை முதலில் முடித்துவிடலாம். அந்தப் புத்தகம் 1968இல் வந்தது. அதில் இருப்பவற்றில் பெரும்பங்கு பல தலைமுறைகளாகக் கைமாறி வந்த பழைய பின்னல்கள். இவர்தான் கண்டுபிடித்தார் என்று காட்ட அவற்றுக்கு ஆள் கிடையாது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். புடவைக் கடையில் மாதிரி, ஐநூறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறீர்கள். தேர்ந்தெடுக்கவே வேண்டாம். ஏதாவது ஒன்றை எடுத்து அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

நான் சொல்வது ‘ஓல்ட் ஷேல்’. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லண்ட் தீவுகளின் பின்னல். ‘ஃபெதர் அண்ட் ஃபேன்’ என்ற பெயரிலும் அச்சிடுகிறார்கள். பார்த்தால் அலை அலையாக, கைதேர்ந்தவர்கள் மட்டும் செய்யக்கூடியதுபோல இருக்கும். உண்மையில் நான்கே வரிசை, அதிலும் ஒன்றில்தான் வேலை. கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையம். முதல் வரிசை நிட், அதாவது நேர்க் கண்ணி. இரண்டாவது பர்ல், அதாவது நிட்டின் மறுபக்கம் தெரியும் கண்ணி. நான்காவது மறுபடி நிட். மூன்றாவதில் 18 கண்ணிகளுக்கு ஒருமுறை இப்படி: இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட் போடுவது மூன்று முறை, அப்புறம் ஊசியில் நூலைச் சுற்றி ஒரு நிட், இப்படி ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்ப்பது மூன்று முறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்த்ததில் ஆறு கண்ணி போயிற்று, நூலைச் சுற்றியதில் ஆறு வந்தது. மொத்தம் மாறவில்லை. ஆனால் குறைத்ததெல்லாம் இரண்டு ஓரத்தில், கூட்டியதெல்லாம் நடுவில். ஓரத்தில் துணி ஒடுங்குகிறது, நடுவில் விரிகிறது. நேராகப் போகவேண்டிய வரிசை வேறு வழியில்லாமல் வளைகிறது. அலை வந்தது அப்படித்தான்.

இது பிடிபட்டுவிட்டால் புத்தகம் வேறு மாதிரி தெரியும். ஓரத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு முறை சேர்த்து, நடுவில் நான்கு முறை நூலைச் சுற்றினால் 12 கண்ணியில் சின்ன அலை. நான்கும் எட்டுமாகச் செய்தால் 24 கண்ணியில் பெரிய அலை. நான்காவது வரிசையை நிட்டுக்குப் பதில் பர்ல் போட்டால் குறுக்கே ஓடும் வரம்பு மறைந்து வழவழப்பாகும். நான்கு வரிசைக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால் கோடுகளே அலையாக ஓடும். ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ் வகைகளில் பெரும்பாலானவை இதே கூட்டல் கழித்தல்தான், இடம்தான் மாறும்.

பாரம்பரியத்தில் கை வைக்கலாமா என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் குடும்பத்துக்கு ஒரு கேபிள் (கயிறுபோல முறுக்கிய) டிசைன் உண்டு, கடலில் இறந்த மீனவரை அதை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். அந்த ஸ்வெட்டர்களே 20ஆம் நூற்றாண்டில் உருவானவை. அந்தக் கதைக்கு வேராகச் சொல்லப்படுவது அயர்லாந்து நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின், 1904இல் மேடையேறிய நாடகம் ஒன்று. அதில் இறந்துபோனவனைத் தங்கை அடையாளம் காண்பது அவன் காலுறையில் தான் தவறவிட்ட கண்ணிகளை எண்ணித்தான். அங்கே கேபிளும் இல்லை, குடும்பச் சின்னமும் இல்லை. பழைய பின்னல்கள் எல்லாமே யாரோ மாற்றிப் பார்த்ததால் வந்தவை.

வாக்கரையே பாருங்கள். பழையவற்றைத் தொகுத்தவர், இரண்டு நிறத்தில் பின்னும் ஒரு முறையை விரிவாக்கி அதற்கு ‘மொசைக்’ என்று பெயரும் வைத்தார். இரண்டு வரிசை ஒரு நிறம், இரண்டு வரிசை மற்ற நிறம். கையில் எப்போதும் ஒரே நூல்தான். மற்ற நிறம் தெரியவேண்டிய இடத்தில் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு நகர்த்திவிட வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் நீங்களே வரையலாம். நகர்த்தும் கண்ணிக்கு நேர் கீழே அந்த மற்ற நிறமே இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எனக்குத் தெரிந்து, சொந்தமாக டிசைன் போட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நூலைப் பற்றி ஒன்று. நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக். லேஸை நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் கம்பளி அப்படியே விரிந்து நிற்கும். அக்ரிலிக் நிற்காது, பழைய நிலைக்கே சுருங்கிவிடும். அதனால் மகளின் சால்வைக்கு நல்ல கம்பளியாகத் தேடுங்கள். ஒரே நிறமாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். கலர் கலராக மாறும் நூலில் ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாது. வழக்கத்தைவிட இரண்டு சைஸ் பெரிய ஊசி எடுத்து, முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பிள் பின்னி, நனைத்துக் காயவைத்து அளந்துகொள்ளுங்கள்.

சால்வைக்கு ஒரு யோசனை. சின்ன அலை, நடுத்தர அலை, பெரிய அலை மூன்றுக்கும் வரிசைக் கணக்கு ஒன்றுதான், அதனால் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். 12, 18, 24, 18, 12 என்று போட்டால் 84. இரண்டு ஓரமும் சுருளாமல் இருக்க நான்கு நான்கு கண்ணி சேர்த்து 92. அந்த ஓரக் கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட் போடுங்கள். நடுவில் ஒரு பெரிய அலை எழுந்து இரு பக்கமும் அடங்கிப் போகும். சாம்பிளில் அகலம் போதாது என்று தெரிந்தால் நடுவில் இன்னொரு 24 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பக் கண்ணிகளை மட்டும் நன்றாகத் தளர்த்திப் போடுங்கள். இறுக்கிப் போட்டால் கீழ் ஓரத்தில் அலை எழும்பாது.