தூசி பழசு, மூச்சிரைப்பு மட்டும் ஏன் புதுசு?

கேள்வி: எனக்கு வயது 34. சிறுவயதில் ஆஸ்துமா இருந்ததில்லை. இரண்டு வருடங்களாகப் படுக்கை விரிப்பை உதறினாலே தும்மல் வருகிறது. விடியற்காலையில் நெஞ்சு இறுகி வீசிங் வருகிறது. பரிசோதனையில் ‘டஸ்ட் மைட்’ அலர்ஜி என்றார்கள். வீட்டில் தூசி எப்போதும் இருந்ததுதானே, இப்போது மட்டும் ஏன்? எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? டானிக் ஏதாவது சாப்பிடலாமா?

பதில்: டானிக் வேண்டாம். உங்கள் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. சண்டை போடத் தேவையில்லாத ஒன்றோடு அது சண்டை போடுகிறது, அவ்வளவுதான்.

டஸ்ட் மைட் என்னும் தூசி உண்ணி கால் மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். பூச்சி என்று சொல்கிறோமே தவிர, அது சிலந்தி வகையறா. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கடிக்காது. தொல்லை பெரும்பாலும் அதன் எச்சத்தால்தான். அதிலுள்ள ‘டெர் பி 1’ என்ற புரதம், மற்ற புரதங்களை வெட்டக்கூடிய நொதி. மூச்சுக்குழாயின் உட்சுவரில் செல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்கும் இணைப்புகளை அது அறுத்துவிடும்.

சுவர் காயப்பட்டதும் அந்தச் செல்கள் அபாய அறிவிப்பு விடுகின்றன. காவலுக்கு நிற்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் அந்தப் புரதத் துண்டுகளை நிணநீர் முடிச்சுக்குத் தூக்கிப்போய் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களிடம் காட்டுகின்றன. உடலுக்குள் புழு புகுந்தால் எந்தப் படை கிளம்புமோ, கிட்டத்தட்ட அதே படை இங்கேயும் கிளம்புகிறது. அதன் தூண்டுதலால் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைத் தயாரிக்கின்றன. அது, மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.

இதுவரை உங்களுக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது. உங்கள் ‘இப்போது மட்டும் ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் தொடங்கியது அறிகுறிகள் மட்டுமே. ஆயத்தம் அதற்கு முன்பே சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும். பரம்பரைச் சாய்வு உள்ளவர்களுக்கு வைரஸ் சளி, புகை போன்றவை பின்னால் வந்து தூண்டிவிடலாம். எந்த வயதிலும் இது நடக்கும்.

அப்புறம் உண்ணியின் புரதம் மறுபடி உள்ளே போனால், நிமிடங்களில் மாஸ்ட் செல்கள் வெடித்ததுபோல ஹிஸ்டமின், லியூகோட்ரையீன் என்ற ரசாயனங்களைக் கொட்டுகின்றன, குழாய் சுருங்குகிறது. நாலு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஈசினோஃபில் போன்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிய, இரண்டாவது சுற்று தொடங்கலாம். இரவு முழுக்க தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறீர்கள். மூச்சுக்குழாய் இயல்பாகவே அதிகம் சுருங்குவதும் விடியற்காலையில்தான். உங்களுக்கு அந்த நேரத்தில் நெஞ்சு இறுகுவதில் ஆச்சரியமில்லை.

சரி, என்ன செய்வது? உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் சுருக்கம் தளரும். உள்ளே இருக்கும் அழற்சி, அதாவது வீக்கம், அப்படியே இருக்கும். அதைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அளவு மைக்ரோகிராமில்தான், அடித்தபின் வாய் கொப்பளித்தால் போதும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். தும்மலுக்கான அலர்ஜி மாத்திரை இதற்கு மாற்றாகாது.

விரிப்பு, உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், உண்ணி செத்துவிடும். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. அறையில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்குக் கஷ்டம். மெத்தைக்கு உறை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு இன்ஹேலரை மறந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். உறையால் மட்டும் பெரிய பலன் இருப்பதில்லை.

நாக்கடியில் வைக்கும் உண்ணிப் புரத மாத்திரைகளும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி எதிர்ப்பு சக்தியின் போக்கை மாற்றும் சிகிச்சை அது. வருடக்கணக்கில் எடுக்க வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் வந்தபின் அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.