மகள் கேட்கும் படிப்பும் சித்தப்பா சொல்லும் படிப்பும்

"எலெக்ட்ரானிக்ஸ் - கம்யூனிகேஷன்தான் வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸைச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கட்டணம் கட்டப்போவதும் நாலு வருஷம் வகுப்பில் உட்காரப்போவதும் சித்தப்பா இல்லை. வீட்டில் எந்த மூலையில் சிக்னல் எத்தனை டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) என்று நோட்டில் குறித்துவைக்கிற பெண்ணைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் தள்ளாதீர்கள்.

அவளுக்குப் பொருந்தும் துறை ஒன்று இருக்கிறது: 5ஜியின் மில்லிமீட்டர் அலைகளில், அதாவது மிக உயர்ந்த அதிர்வெண் ரேடியோ அலைகளில், போன் இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்வது. உறவினர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அத்தகைய அலையான 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஓர் ஆள் குறுக்கே வந்தாலே சிக்னல் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்காக, விழக்கூடும். செல்லின், அதாவது ஓர் ஆன்டெனா நிலையம் சிக்னல் தரும் பகுதியின், வீச்சும் சில நூறு மீட்டர்தான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 200 மீட்டரைப் பத்தே நொடியில் தாண்டிவிடும். அதற்குள் இணைப்பு அறாமல் அடுத்த செல்லுக்கு மாற்றுவதுதான் ஹேண்டோவர்.

பக்கத்து செல் 3 டெசிபல் கூடுதலாக, 160 மில்லிநொடி தொடர்ந்து தெரிந்தால் போன் நெட்வொர்க்குக்கு அறிக்கை அனுப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காத்திருப்பை நீட்டினால், மாறச் சொல்லும் கட்டளை வருவதற்குள் பழைய இணைப்பு செத்துவிடும். குறைத்தால் போன் இரு செல்களுக்கும் நடுவே பந்தாடப்படும். மொபைல் நெட்வொர்க் விதிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 16 பதிப்பில் வந்த கண்டிஷனல் ஹேண்டோவர் இதற்கு நல்ல வழி: சிக்னல் நன்றாக இருக்கும்போதே கட்டளையைப் போனிடம் கொடுத்துவைத்துவிடுவார்கள், நிபந்தனை நிறைவேறியதும் போன் தானே தாவும். கீழ் அலைவரிசையில் இன்னோர் இணைப்பைப் பிடித்துவைப்பதும் உண்டு.

செலவு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காகக் கடன் வாங்காதீர்கள். '5ஜி நிபுணர்' சான்றிதழ் வகுப்புகளுக்கும் பணம் கட்ட வேண்டாம். 3ஜிபிபி ஆவணங்கள் இலவசம். ஹேண்டோவர் விதிகள் 38.331 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் இருக்கின்றன. நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே போலியாக ஓட்டிப் பார்க்கும் என்எஸ்-3 சிமுலேட்டரும் இலவசம், அதற்கான மில்லிமீட்டர் அலைத் தொகுதியும் தனியாகக் கிடைக்கிறது.

சேர்வதற்கு முன் இரண்டு வாரம் அதில் உட்காரட்டும். சி++ கொஞ்சம் தெரிய வேண்டும். காத்திருப்பை 40, 160, 320 மில்லிநொடி என்று மாற்றி, அறுந்தவை எத்தனை, பந்தாடப்பட்டவை எத்தனை என்று எண்ணட்டும். நடுவே கட்டடம் வைக்க மறந்தால் எல்லாமே நன்றாக வேலை செய்வதுபோலத் தெரியும். ஒரே ரேண்டம் விதையில் (சிமுலேட்டரின் தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) ஓட்டி முடிவெடுப்பதும் தவறு. விதையை மாற்றி மாற்றி இருபது முறையாவது ஓட்ட வேண்டும். பிழைச் செய்திகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்றால் அவள் கேட்ட படிப்பிலேயே சேருங்கள். அந்த இரண்டு வாரமும் சொந்தக்காரர்களின் போனை நீங்களே எடுங்கள், அவளிடம் கொடுக்காதீர்கள்.