தமிழ் படித்தால் துணைவேந்தர் ஆகலாமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

"பி.ஏ. தமிழ் படிச்சு என்ன ஆகப்போறே?" என்று நீங்கள் கேட்க, "துணைவேந்தர் ஆவேன்" என்று சொல்லிவிட்டு மகள் எழுந்து போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் வந்த பதில்தான். ஆனாலும் நடக்காத காரியம் எதையும் அவள் சொல்லிவிடவில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். அவருக்குப் பின் 1971-இல் வந்தவர் மு.வரதராசனார். புறநானூற்றுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற அகரவரிசைப் பட்டியல்) தந்த வ.அய்.சுப்பிரமணியம்தான் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

இந்தத் தமிழறிஞர்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கலாம். நான் சொல்ல நினைப்பது ராபர்ட் கோஹீன் என்ற அமெரிக்கரைப் பற்றி. 1919-இல் மகாராஷ்டிரத்தின் வெங்குர்லாவில், மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். படித்தது நம் கொடைக்கானலில். 15 வயதில் அமெரிக்கா போனார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்டது பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியம். 1948-இல் முனைவர் பட்டம். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபாக்ளிஸ் எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்தின் உவம உருவகங்களைப் பற்றிய ஆய்வு அவருடையது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. 1957-இல் அதே பிரின்ஸ்டனுக்குத் தலைவர் ஆனார், நம் ஊர்த் துணைவேந்தர் போன்ற பதவி அது. அப்போது வயது 37, அதுவரை வெறும் உதவிப் பேராசிரியர். 1972 வரை அந்தப் பதவியில் இருந்தார். அங்கே இளநிலைப் படிப்பில் பெண்கள் சேர்ந்து படிக்கத் தொடங்கியது அவர் காலத்தில், 1969-இல். அப்புறம் 1977 முதல் 1980 வரை இந்தியாவுக்கு அமெரிக்கத் தூதர்.

இந்தக் கதையை மாணவர்களிடம் சொன்னால் ஆன்டிகனியிலிருந்து நேராகத் தலைவர் நாற்காலிக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் நடந்ததுதான் முக்கியம். உலகப் போரில் ராணுவ உளவுப் பிரிவில் வேலை பார்த்து லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். 1953 முதல் 1956 வரை, கல்லூரி ஆசிரியர் பணிக்குத் திறமையானவர்களைக் கொண்டுவருவதற்கான உட்ரோ வில்சன் உதவித்தொகைத் திட்டத்தை நாடு முழுவதற்கும் நடத்தினார். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று பார்க்கிற வேலை அது. நிர்வாகத்தை அவர் கற்றது அங்கேதான் என்பது என் கணிப்பு. இலக்கியமும் உதவாமல் போயிருக்காது. அறுபதுகளின் கடைசியில், வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் பதவியில் இருந்தார். ஆன்டிகனி நாடகத்தில் அவளை எதிர்த்து நிற்கும் கிரியோன் மன்னனின் பிடிவாதத்தை வரி வரியாகப் படித்தவருக்கு, எதிர்த்து நிற்கும் பிள்ளைகளிடம் எப்படிப் பேசக்கூடாது என்பதாவது தெரிந்திருக்கும்!

சரி, நம் ஊருக்கு வருவோம். 37 வயதில் உதவிப் பேராசிரியர் துணைவேந்தர் ஆவது இங்கே நடக்காது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி துணைவேந்தராக, பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் கேட்பார்கள், அல்லது பெயர்பெற்ற ஆய்வு நிறுவனத்திலோ கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்தாண்டு இருந்திருக்க வேண்டும். பி.ஏ., எம்.ஏ., நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு), பிஎச்.டி. என்று முடித்து உதவிப் பேராசிரியர் ஆவதற்கே முப்பதை ஒட்டிவிடும். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வுக் காலத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும், உங்கள் கையைப் பார்க்க வேண்டியிருக்காது. நிரந்தரப் பணி கிடைத்தால் யுஜிசி அளவில் அடிப்படைச் சம்பளம் 57,700-இல் தொடங்கும். ஆனால் அந்த நிரந்தரப் பணிக்கான காத்திருப்பு நீளலாம். நல்ல பிள்ளைகள் பலர் கௌரவ விரிவுரையாளர் என்ற தற்காலிகப் பணியிலேயே வருடங்களை ஓட்டுகிறார்கள். இதை அவளிடம் மறைக்காதீர்கள், மிரட்டவும் பயன்படுத்தாதீர்கள்.

வகுப்பறை வழியாகப் போகாமலும் பல்கலைக்கழக நிர்வாகத்துக்குள் நுழையலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பதிவாளர் பதவிக்கு எந்தப் பாடமானாலும் 55 சதவீதத்துடன் முதுகலை போதும், தேர்வு எழுதிப் போகலாம். அங்கிருந்து துணைப் பதிவாளர், பதிவாளர் என்று மேலே செல்ல வழி இருக்கிறது. பெற்றோர்கள் யாரும் இதைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை.

இந்த வருடம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். தமிழ்த்துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், பிஎச்.டி. வழிகாட்டிகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும். சேர்ந்த பிறகு ஆங்கிலத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முத்தமிழ் விழாவுக்கு வரவு செலவுக் கணக்கு எழுத ஆள் தேடினால் அவள் கை தூக்கட்டும், நிர்வாகம் அங்கேதான் பழகும். ஆய்வு ஒத்துவராது என்று எம்.ஏ. முடிவில் தோன்றினால், இரண்டு வருட பி.எட். முடித்து, டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் ஆகலாம். அந்த முடிவை எடுக்க இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.