பக்கத்து பிளாசாவில் 'அடல்ட்' கடை வருகிறதாம், தடுக்க முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசனுக்கு அருகே ஒரு டவுன்ஷிப்பில் இருக்கிறோம். பக்கத்து பிளாசாவில் காலியாகக் கிடந்த இடத்தில் 'அடல்ட்' வீடியோ கடை வரப்போகிறதாம், பின்பக்கம் படம் பார்க்கத் தனி அறைகளும் இருக்குமாம். எதிர்க் கட்டிடத்தில்தான் எங்கள் கோவில், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் அங்கேயே நடக்கிறது. கையெழுத்து வாங்கி மேயரிடம் கொடுத்தோம். "அரசியல் சட்டம் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது" என்கிறார். உடனே ஒரு தடைச் சட்டம் போடச் சொல்ல முடியாதா?

பதில்: மேயர் சொன்னதில் பாதிதான் உண்மை.

முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடுவோம். நீதிமன்றம் ஆபாசம் என்று தீர்ப்பளிக்காத வரை இந்தப் படம், புத்தகம், நடனம் எல்லாமே அமெரிக்காவில் பேச்சுரிமைக்குள் வந்துவிடும். நமக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் "எங்கள் ஊர் எல்லைக்குள் எங்குமே கூடாது" என்று போடும் சட்டம் நிற்காது. இதற்கு நம் மாநிலத்திலேயே பேர்போன ஒரு வழக்கு இருக்கிறது. கேம்டன் கவுண்டியில் மவுன்ட் எஃப்ரைம் என்ற சின்ன ஊரில், காசு போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் நிர்வாணமாக ஆடுவதைப் பார்க்கலாம் என்று ஒரு அடல்ட் புத்தகக் கடை ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் மேடை நிகழ்ச்சி எதற்குமே இங்கே இடமில்லை என்ற ஜோனிங் விதியை (எந்த இடத்தில் என்ன நடத்தலாம் என்று ஊர் வகுக்கும் விதி) காட்டி நடவடிக்கை எடுக்க, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-ல் ஊர் தோற்றது.

ஆனால் 'எங்குமே கூடாது' என்பது வேறு, 'இங்கே கூடாது, அங்கே வைத்துக்கொள்' என்பது வேறு. இரண்டாவதைச் செய்ய ஊருக்குத் தாராளமாக அதிகாரம் உண்டு. வாஷிங்டன் மாநிலத்து ரென்டன் நகரம், வீட்டுப் பகுதி, தேவாலயம், பூங்கா, பள்ளி எதிலிருந்தும் 1,000 அடிக்குள் அடல்ட் தியேட்டர் கூடாது என்றது. ஊரில் ஏறத்தாழ 5 சதவீத நிலம்தான் அவர்களுக்கு மிஞ்சியது, அதுவும் பெரும்பாலும் வேறு ஆட்கள் கையில். 1986-ல் உச்ச நீதிமன்றம் அதுவே போதும் என்றது. காரணம், ரென்டன் படத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசவில்லை, அக்கம்பக்கத்தில் குற்றம், சொத்து மதிப்பு என்று விளைவுகளைப் பற்றிப் பேசியது. அதற்கும் தானாக ஆய்வு எதுவும் செய்யவில்லை, பக்கத்து சியாட்டிலின் அனுபவத்தை எடுத்து வைத்தது.

உங்களுக்கு நல்ல செய்தி, புதிதாகச் சட்டமே தேவைப்படாமல் போகலாம். நியூ ஜெர்சியின் குற்றவியல் சட்டத்திலேயே இது இருக்கிறது: பிரிவு 2சி:34-7. டவுன்ஷிப் தன் ஜோனிங் சட்டத்தில் வேறு மாதிரி வைத்திருந்தால் ஒழிய, வழிபாட்டுத் தலம், பள்ளி, விளையாட்டுத் திடல், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், வீட்டுப் பகுதி என்று ஜோன் செய்த இடம், இவற்றில் எதிலிருந்தும் 1,000 அடிக்குள் இப்படிப்பட்ட கடை நடத்தக் கூடாது. அந்தப் பட்டியலில் ஸ்கூல் பஸ் நிற்கும் இடமும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தமிழ்ப் பள்ளியை நம்பாதீர்கள், வாரக் கடைசி வகுப்பைச் சட்டம் சொல்லும் ஆரம்பப் பள்ளி, மேல்நிலைப் பள்ளிக் கணக்கில் சேர்ப்பது கஷ்டம். கோவிலையும் பஸ் ஸ்டாப்பையும் ஜோனிங் வரைபடத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். "இந்த 1,000 அடி விதியைப் பார்த்தால் எனக்கு நிற்க இடமே இல்லை" என்பார். சாடில் புரூக் டவுன்ஷிப் வழக்கில் 1999-ல் நம் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்கு இடம் கொடுத்தது. வாடிக்கையாளர்கள் வந்துபோகும் அந்த வட்டாரத்துக்குள் கடை போட வேறு இடம் இருக்க வேண்டும், இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பும் டவுன்ஷிப்புக்குத்தான். உங்கள் மேயர் தயங்குவதும் இதற்காக இருக்கலாம், பிளானிங் நிபுணரை வைத்து வழக்கு நடத்தச் செலவாகும். ஆனால் வட்டாரம் என்பது ஊர் எல்லையோடு முடிவதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சேர்வில் ஊரின் நடன கிளப் வழக்கில் 2012-ல், ஆற்றுக்கு அக்கரையில் நியூ யார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் ஐலண்டில் கிடைக்கும் இடங்களையும் கணக்கில் எடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை உங்கள் டவுன்ஷிப் அட்டர்னியிடம் ஞாபகப்படுத்துங்கள்.

அப்புறம் அந்தப் பின்னறைகள். பூத் உள்ளே நடப்பது பக்கத்துப் பொது இடத்திலிருந்து தெரிய வேண்டும், கதவோ திரையோ மறைக்கக் கூடாது என்று மாநிலத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், கதவை எடுத்துவிட்டால் இந்த வியாபாரத்தில் பாதி போய்விடும்.

அவசரத் தடைச் சட்டம் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2011-லிருந்து நியூ ஜெர்சியில் பிளானிங் அல்லது ஜோனிங் போர்டுக்கு ஒருவர் விண்ணப்பம் கொடுத்த அன்று என்ன ஜோனிங் விதி இருந்ததோ அதுதான் பெரும்பாலும் அவருக்குப் பொருந்தும், பிறகு மாற்றினால் பயன் குறைவு. "ஆறு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தி வை" என்பதும் நடக்காது, உடனடி சுகாதார ஆபத்து என்று தகுதியுள்ள சுகாதார நிபுணர் எழுதிக் கொடுத்தால்தான் அதற்கு இடம் உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வேலையாக ஜோனிங் ஆபீசர் பெர்மிட் கொடுத்துவிட்டாரா, என்ன பயன்பாடு என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள் என்பதை ஓப்ரா (அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் மாநிலச் சட்டம்) மனு போட்டு வாங்குவேன். 'கிஃப்ட் ஷாப்' என்று எழுதிவிட்டு வேறு சரக்கு வைப்பது பழைய வித்தை. நியூ யார்க் நகரத்தில் 1995-ல் விதி வந்ததும், கடைக்காரர்கள் அடல்ட் சரக்கை 40 சதவீதத்துக்குள் நிறுத்தி, மீதி இடத்தில் சாதாரண டிவிடிகளை அடுக்கி வருடக்கணக்கில் தப்பித்தார்கள். நகரம் விதியை இறுக்கி, அந்த வழக்கை 2017-ல்தான் ஜெயித்தது. நியூ ஜெர்சியில் முக்கிய வியாபார நோக்கங்களில் ஒன்று இதுவா என்று பார்க்கிறார்கள், அதனால் தப்பிப்பது கொஞ்சம் கடினம்.

போர்டில் ஹியரிங் (பொது விசாரணை) நடந்தால் யார் பேசப் போகிறார்கள் என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். "நம் பண்பாடு என்ன ஆகும், பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்று பத்துப் பேர் எழுந்து கொதித்தால், கடைக்காரரின் வக்கீல் சந்தோஷமாகக் குறிப்பெடுத்துக்கொள்வார். பேச்சைப் பிடிக்காமல்தான் அடக்குகிறார்கள் என்று நாளை அதையே காட்டுவார். எத்தனை அடி தூரம், பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, பார்க்கிங், இரவு எத்தனை மணி வரை கடை, இவ்வளவு பேசினால் போதும்.

பெர்மிட் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்றால் தெரிய வந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் ஜோனிங் போர்டில் அப்பீல் போட வேண்டும். அங்கே தோற்றால் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போக, முடிவு பத்திரிகையில் வெளியான நாளிலிருந்து 45 நாள். இதில் பாதியை இன்னொரு கையெழுத்து வேட்டையில் செலவழித்துவிடாதீர்கள். அப்பீலைக் கோவில் நிர்வாகத்தின் பெயரிலும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், எதிர்க் கட்டிடம் என்பதால் பாதிக்கப்படுபவர் யார் என்ற கேள்வியே எழாது.