அம்மாவின் இடுப்புவலியும் அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. எட்டு மாதமாக இடுப்புவலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகில் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு) பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். வலியே இல்லாத 80 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் நூற்றுக்கு 84 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்கிறது 2015-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று. தலை நரைப்பது மாதிரிதான் அது.

ஸ்கேன் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் படுக்க வைத்து யாராவது பரிசோதித்தார்களா என்பதைக் காணோம். நெரியும் ஓ.பி.யில் அதற்கு ஏது நேரம், ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுவதுதானே சுலபம்! மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கித் தொடையை உள்பக்கம் திருப்பும்போது தொடை இடுக்கில் வலித்தால் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். சம்மணம் போட, கால் நகம் வெட்டச் சிரமமா என்றும் கேளுங்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து மரத்துப்போய், உட்கார்ந்தால் சரியாகிறதா? அப்போது நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். எம்.ஆர்.ஐ.க்கு அர்த்தம் அங்கேதான்.

காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அன்றே அவசரப் பிரிவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு முதுகெலும்பு நொறுங்க, கீழே விழ வேண்டியதில்லை. குடம் தூக்கினாலும் போதும், பலமாகத் தும்மினாலும் போதும். ஒருநாள் திடீரென்று வலி கூடியதா, முதுகெலும்பின் ஒரே இடத்தில் தட்டினால் வலிக்கிறதா, உயரம் குறைந்து கூன் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் முதலில் சாதாரண எக்ஸ்ரே, அப்புறம் எலும்பு அடர்த்திச் சோதனை.

இதைச் சொல்லக் காரணம், லேபிள் இல்லாத ‘மூலிகை’ மூட்டுவலிப் பொடிகள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி போகும், எலும்பும் கூடவே போகும். விற்பவருக்கு மறுபடி வாங்க ஆள் வந்தால் சரி. ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போகிறவரும் இதே ரகம்தான்.

அம்மா சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், பொடி இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பொடியை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டாக இருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.